விதைநெல்லும் வடித்த சோறும்

வீட்டில் இசை குடியிருக்கும் இடம் நம் வாழ்நாளுக்குள்ளேயே பலமுறை மாறிவிட்டது. கூடத்து மேசைமீது வானொலிப் பெட்டி வீற்றிருந்த காலம் ஒன்று. 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கேசட், நம் சிற்றூர்களிலும் ஒலிப்பதிவுக் கடைகளைத் தோற்றுவித்த காலம் ஒன்று. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு வெள்ளித் தட்டாய் மின்னிய காலம் மற்றொன்று. இன்றோ இசைக்கென்று தனியிடமே இல்லை எனலாம். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்குள் அது கண்ணுக்குப் புலப்படாத கோப்பாக அடங்கிவிட்டது. பொருளாக இருந்தவரை அதைத் துடைத்தோம், அடுக்கினோம், இரவல் கொடுத்ததை மறவாமல் கேட்டு வாங்கினோம். கோப்பாக மாறிய பின்னர் அதைப் பேணும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

நமது அறையில் ஏறத்தாழ முந்நூறு குறுந்தகடுகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்களும் உள்ளன. குருமடத்தில் பயின்ற நாள்முதல் கைச்செலவில் மிச்சம் பிடித்து வாங்கியவை சில. நண்பர்கள் அன்பளித்தவை பல. கர்நாடக இசையும் மேலை இசையும் திரையிசையும் அவற்றுள் கலந்தே இருக்கின்றன. சில ஆண்டுகளாகத் திங்கட்கிழமைப் பிற்பகல்களில் இரண்டு மூன்றாக அவற்றைக் கணினிக்கு மாற்றி வருகின்றோம். அப்பணியில் கற்றவை பிற இல்லங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதத் துணிந்தோம்.

எண்களாகும் ஓசை

குறுந்தகட்டில் உள்ளது ஓசையன்று, எண்கள். காற்றில் அலையலையாய் வரும் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாகக் குறித்து வைக்கின்றனர். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்க வல்லது. ஓர் அலையைப் பிழையின்றி மீட்டெடுக்க, அதன் அதிர்வைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தால் போதும் என்பது கணித உண்மை. 44,100 என்னும் எண் அந்தத் தேவையை நிறைவு செய்கிறது.

இடச்செவி, வலச்செவி என இரு வழிகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் நொடிக்கு 1,411 கிலோபிட் ஆகும். ஒரு மணி நேரத் தகடு ஒன்று ஏறத்தாழ 635 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் ஐபாட் கருவியின் கொள்ளளவு 5 கிகாபைட். இத்தகைய தகடுகளைச் சுருக்காமல் அதில் இட்டால் முழுதாக எட்டுத் தகடுகள்கூட அடங்கா. ஆயினும் ஆயிரம் பாடல்கள் சட்டைப்பையில் என்று சொல்லி அதனை விற்றார்கள். அந்த ஆயிரமும் அடங்கியதற்குக் காரணம் சுருக்கம்.

பால் கணக்கும் மணியோசையும்

சுருக்கம் இருவகைப்படும். ஒன்று இழப்பில்லாச் சுருக்கம். மற்றொன்று இழப்புடைச் சுருக்கம். இவ்விரண்டின் வேறுபாட்டை நம் இல்லத்தரசியர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

நாட்காட்டியில் பால் கணக்கு எழுதும் வீட்டைப் பாருங்கள். நாள்தோறும் ஒரு லிட்டர் என்பது வழக்கமாயின், முப்பது நாளும் ஒரு லிட்டர் என்று எழுதுவார் இல்லை. விருந்தினர் வந்து கூடுதலாக வாங்கிய நாளையும், ஊருக்குச் சென்று வாங்காத நாளையும் மட்டுமே குறிப்பார்கள். மாத இறுதியில் கணக்கு ஒரு பைசாவும் பிசகாது. இழப்பில்லாச் சுருக்கம் செய்வதும் இதுவே. முன் வந்த எண்களைக் கொண்டு அடுத்த எண் இன்னதாக இருக்கும் என்று கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கிறது. திறந்து கேட்கும்போது தகட்டில் இருந்த எண்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வருகின்றன. இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது ஃபிளாக் என்னும் முறை. ஜாஷ் கோல்சன் என்பவர் உருவாக்கிய இம்முறையின் முதல் முழுப்பதிப்பு 2001-இல் வெளியாயிற்று. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் மூலத்தில் பாதி முதல் அறுபது விழுக்காடு வரை இடம்பிடிக்கும். தனித்து ஒலிக்கும் வீணை நன்கு சுருங்கும். பல கருவிகள் சேர்ந்து முழங்கும் பதிவு அவ்வளவாகச் சுருங்காது.

இனி மற்றொன்று. கோவில் மணி ஓங்கி ஒலிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது நம் காதில் விழுவதில்லை. விழாத ஒன்றை ஏன் எழுதி வைக்கவேண்டும்? இக்கேள்வியினின்று பிறந்ததே எம்பி3. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய இம்முறைக்கு, 1995-ஆம் ஆண்டு ஜூலையில் எம்பி3 என்னும் கோப்பு விகுதி சூட்டப்பெற்றது. ஓங்கிய ஒலியின் நிழலில் மறையும் மெல்லொலிகளை நீக்கிவிட்டு எஞ்சியதைச் சேமிப்பது இதன் உத்தி. நொடிக்கு 128 கிலோபிட் என்று அமைத்தால் கோப்பு மூலத்தில் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் நீக்கியது நீக்கியதே. அதனைத் திரும்பப் பெற எந்தக் கருவியாலும் இயலாது.

உழவர் குடும்பங்கள் இதனை வேறு சொற்களில் அறியும். இழப்பில்லாக் கோப்பு விதைநெல். இழப்புடைய கோப்பு வடித்த சோறு. உண்பதற்குச் சோறே ஏற்றது. விதைநெல்லை எவரும் அப்படியே உண்பதில்லை. ஆயினும் சோற்றை விதைத்து நாற்று எடுக்க முடியாது. எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றிவிட்டால் தரம் உயர்ந்துவிடும் என்று எண்ணுவோர் செய்வது இதுவே. கோப்பு பெருக்கும், இசை பெருகாது.

செவியின் எல்லை

இங்கு ஓர் உண்மையை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். நன்கு ஆக்கப்பெற்ற, நொடிக்கு 256 கிலோபிட் கொண்ட எம்பி3 கோப்பையும் மூலத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டால், நம்மில் மிகப்பலரால் வேறுபாடு காண இயலாது. நாமும் நண்பர் ஒருவரைக் கொண்டு எது எதுவெனத் தெரியாமல் ஒலிக்கச் செய்து கேட்டோம். 128-க்குக் கீழே இறங்கியபோது மிருதங்கத்தின் மீட்டு கூர்மை மழுங்கி, அடிக்கு முன்னரே ஒரு கசிவு கேட்டது. கச்சேரி முடிவில் எழும் கைத்தட்டல் வாய்க்கால் நீரின் சலசலப்பாயிற்று. 256-இல் நம் செவிக்கு யாதொன்றும் குறையாகத் தோன்றவில்லை. ஓடும் பேருந்தின் இரைச்சலில் அமர்ந்து கேட்போருக்கு 192 கிலோபிட்டே நிறைவாய் இருக்கும்.

மேலும், இன்று பலர் கம்பியில்லாச் செவிப்பொறிகளையே அணிகின்றனர். புளூடூத் வழியே செல்லும் ஒலி பொதுவாக வழியிலேயே மறுபடியும் இழப்புடன் சுருக்கப்படுகிறது. சோனி நிறுவனத்தின் எல்டேக் என்னும் உயர்ந்த முறையும் நொடிக்கு 990 கிலோபிட் வரையே செலுத்தும். குறுந்தகட்டின் 1,411-ஐ அது எட்டாது. ஆகவே கைப்பேசி முழுவதையும் பெருங்கோப்புகளால் நிரப்பிவிட்டு இத்தகைய பொறியில் கேட்பவர் பெறும் ஆதாயம் சிறிதே.

அங்ஙனமாயின் இழப்பில்லாக் கோப்பு எதற்கு? இன்றைய செவிக்காக அன்று, நாளைய கைக்காக. எம்பி3-க்குப் பின் 1997-இல் ஏஏசி வந்தது. 2012-இல் ஓபஸ் வந்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிடக் குறைந்த இடத்தில் நிறைந்த ஒலி தருவது. மூலத்தை வைத்திருப்பவர், புதுமுறை வரும்போதெல்லாம் மூலத்திலிருந்து புதுப்படி எடுத்துக்கொள்வார். எம்பி3 மட்டுமே வைத்திருப்பவரோ இழந்ததன்மேல் மேலும் இழப்பார்.

ஒரு தாயின் தாலாட்டு

இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று என்பதை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நம் பங்கைச் சேர்ந்த உழவர் குடும்பம் ஒன்றில், 1986-இல் தொட்டிலாட்டிப் பாடிய தாயின் தாலாட்டை மூத்த மகன் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். தாய் மறைந்து நெடுங்காலமான பின், ஒரு கடையில் கொடுத்து அதனை எம்பி3 ஆக்கினர். பேச்சுக்குப் போதும் என்று கடைக்காரர் மிகக் குறைந்த அளவில், 32 கிலோபிட்டில் ஆக்கித் தந்தார். கேசட் பழைய சாமான்களோடு போயிற்று. பின்னர் ஆண்டு நினைவு நாள்தோறும் பேரப்பிள்ளைகள் அக்கோப்பை வெட்டியும் ஒட்டியும் மீண்டும் மீண்டும் எம்பி3 ஆகவே சேமித்தனர். ஒவ்வொரு சேமிப்பிலும் ஒரு சுற்று இழப்பு. இறுதியில் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது.

“அம்மா குரலைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா, சாமி?” என்று அவர் நம்மிடம் வந்து கேட்டார். முடியாது என்று சொல்வதைத் தவிர வழியில்லை. இல்லாததைத் தெளிவாக்குவது எவ்வாறு? ஆனால் அக்கேசட்டுக்கு வேறு படி யாரிடமேனும் உண்டா என்று வினவினோம். அடுத்த வட்டத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் இருக்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து, பழைய துணிப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்த கேசட்டோடு தங்கையும் உடன்வந்தார்.

நாடா ஓடும் கருவியின் தலைப்பகுதியை ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுதும் சுற்றித் தளர்த்தி, கணினியோடு இணைத்து ஓடவிட்டோம். படியின் படியாதலால் இரைச்சல் மிகுதியாகவே இருந்தது. ஆயினும் அதனூடே குரல் இருந்தது. தொட்டில் கயிறு உத்திரத்தில் உராயும் ஓசை இருந்தது. பாட்டின் நடுவே அத்தாய் சற்று நிறுத்தி, “கதவச் சாத்துடா, காத்து வருது” என்கிறார். பாட்டு அன்று என்பதால் வெட்டி எறியப்பட்டிருந்த சொற்கள் அவை. அந்த ‘டா’வுக்கு உரியவர் அறுபது வயதைக் கடந்தவராய் நம் எதிரே அமர்ந்திருந்தார். அவ்விடத்தை மட்டும் மறுபடி போடுமாறு அவர் கேட்டார், போட்டோம். மூன்றாம் முறை கேட்டபின் எழுந்து வெளியே சென்றுவிட்டார்.

எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதை எம்பி3 முறை சராசரிச் செவியைக் கொண்டு தீர்மானிக்கிறது. நாம் நம் அன்றைய தேவையைக் கொண்டு தீர்மானிக்கிறோம். நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் எதைத் தேடுவார் என்பது இருவருக்கும் தெரியாது. ஆகையால்தான் மூலம் முழுதாக இருக்கவேண்டும்.

மாற்றும் முறை

குறுந்தகட்டைக் கணினியில் இட்டுப் படியெடுக்கும்போது, கீறல் உள்ள இடத்தைக் கணினி ஊகித்து நிரப்பிவிடுவதுண்டு. 1998-இல் வெளிவந்த எக்ஸாக்ட் ஆடியோ காப்பி முதலிய மென்பொருள்கள் ஐயமுள்ள பகுதியை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பவை. நேரம் கூடுதலாகும், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

ஒலிநாடாவுக்குக் குறுக்குவழி கிடையாது. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடமும் வேண்டும். முதலில் அதன் முதுகுப்புறத்துச் சிறு தாழ்களை உடைத்துவிடுக. தவறியும் மேற்பதிவு ஆகாது. 2000-இல் முதன்முதல் வெளியான ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் இப்பணிக்குப் போதுமானது. ஒலி ஆவணக் காப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கம், பழம்பதிவுகளைக் குறைந்தது 48,000 முறை அளவீட்டிலும் 24 பிட்டிலும் மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. அம்முறையில் ஒலியளவைச் சற்றுத் தாழ்த்தியே வைக்கலாம். திடீரென்று குரல் ஓங்கினாலும் உடையாது. இரைச்சலை நீக்க விரும்பினால் வேறொரு படியில் நீக்குக. கைபடாத முதற்பதிவு அப்படியே இருக்கட்டும். நாடாவையும் எறிந்துவிட வேண்டாம்; ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிறுத்தி வைக்கவும்.

இவ்வாறு வீட்டு வன்தட்டில் ஃபிளாக் கோப்புகள் ஒரு கோப்புறையில் தாய்க்கோப்புகளாக இருக்கட்டும். அவற்றிலிருந்து கைப்பேசிக்கும் மகிழுந்துக்கும் வேண்டிய எம்பி3 அல்லது ஏஏசி படிகளை வேறொரு கோப்புறையில் ஆக்கிக்கொள்ளலாம். மகிழுந்துகளின் பழைய ஒலிப்பெட்டிகள் பல எம்பி3 ஒன்றையே அறியும். நமது முந்நூறு தகடுகளும் ஃபிளாக்கில் ஏறத்தாழ 105 கிகாபைட்; 192 கிலோபிட் எம்பி3-இல் 26 கிகாபைட். முன்னது 1 டெராபைட் வன்தட்டில் பத்தில் ஒரு பங்கு; பின்னது விரல் நகம் அளவான மெமரி கார்டு ஒன்றில் அடங்கும். பயணப்படி தொலைந்தால் கவலையில்லை. ஓர் இரவில் கணினி மறுபடி ஆக்கித் தரும். ஆப்பிள் கருவி உடையோர் அந்நிறுவனத்தின் இழப்பில்லா முறையான ஏஎல்ஏசி-யைப் பயன்படுத்தலாம். 2004-இல் வந்து 2011-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட அம்முறைக்கும் ஃபிளாக்குக்கும் இடையே எத்தனை முறை மாற்றினும் இழப்பில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலாபனை, தானம், பல்லவி எனத் தகட்டில் மூன்றாகப் பகுத்திருந்தாலும் தம்புராவின் ஒலி இடையறாது ஓடுகிறது. எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் சிறு வெற்றிடம் சேர்வது அம்முறையின் இயல்பு. புதிய கருவிகள் பல அதைக் கழித்துவிடும். பழைய கருவிகளில் தம்புரா ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் பாயும் இடத்திலும் இவ்வாறே. ஃபிளாக்கில் இக்குறை இல்லை.

பெயரும் பாதுகாப்பும்

பெயரில்லாக் கோப்பு முகவரியில்லா அஞ்சலே. பாடலின் பெயர், பாடியவர், இயற்றியவர், இராகம், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பினுள்ளேயே எழுதி வைக்கலாம். இணையத்திலிருந்து தானாக வரும் பெயர்களை அப்படியே ஏற்பதற்கில்லை. ஒரே பாடகர் பெயர் ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டு, பட்டியலில் நான்கு மனிதராய் நிற்பார். தமிழிலேயே எழுதுங்கள். எம்பி3-க்கு 1996-இல் வகுத்த முதற் குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 பைட் இடமே இருந்தது. இன்றைய யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். திருநெல்வேலி என்னும் ஊர்ப்பெயர்கூட அதில் அடங்காது. ஃபிளாக்கின் குறிப்பு முறையில் இத்தடை இல்லை. வீட்டுப் பதிவாயின் யார், எங்கே, எந்த நாள், பக்கத்தில் யார் இருந்தார் என்பதையும் எழுதுக. நமக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாது.

வன்தட்டு முன்னறிவிப்பின்றி நின்றுபோகும். ஆதலின் மூன்று படிகள் வேண்டும். அவை ஒரே வகைக் கருவியில் இல்லாதிருப்பது நன்று. ஒன்றேனும் வேறு ஊரில் இருக்கட்டும். நமது படி ஒன்று தம்பியின் இல்லத்தில் இருக்கிறது. ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றினுள்ளும் மூல ஒலியின் கணித முத்திரை ஒன்று பதிந்திருப்பதால், கோப்பு பழுதுபட்டதா என்று மென்பொருளைக் கொண்டு சோதித்து அறியலாம். ஆண்டுக்கொருமுறை சோதித்து, பின்னரே புதுப்படி எடுக்கவேண்டும். பழுதான கோப்பை நல்ல கோப்பின்மேல் எழுதிவிட்டால் இரண்டும் போகும்.

மாதச் சந்தா செலுத்தினால் எல்லாப் பாடலும் கிடைக்கின்றதே என்பார் உளர். உண்மை, ஆப்பிள் மியூசிக் 2021-இலும் ஸ்பாட்டிஃபை 2025-இலும் இழப்பில்லா இசையையே வழங்கத் தொடங்கின. ஆயினும் அது வாடகை வீடு. நம் நாட்டு விங்க் மியூசிக் சேவையை மூடும் முடிவு 2024-இல் அறிவிக்கப்பட்டதைப் பலர் அறிவர். உரிமையாளர் சொன்னால் வெளியேற வேண்டியதுதான். அன்றியும், நம் தாயின் தாலாட்டு எந்தச் சேவையிலும் கிடைக்காது. மற்றொன்றும் சொல்லவேண்டும்: விலைக்கு வாங்கிய தகட்டைத் தம் வீட்டுக் கேட்புக்கெனப் படியெடுப்பது வேறு, ஊருக்கெல்லாம் படியெடுத்து வழங்குவது வேறு. பின்னது பாடியவர், இசைத்தவர் உழைப்பைப் பறிப்பதாகும்.

குதிருக்குள் விதைநெல் இருக்கும் வீட்டில் ஓராண்டு விளைச்சல் பொய்த்தாலும் மனம் கலங்காது. வரும் விடுமுறையில் பரண்மேல் உள்ள பெட்டியை இறக்கிப் பாருங்கள். கடையில் கிடைக்கக்கூடிய தகடுகள் காத்திருக்கட்டும். உலகில் ஒன்றே ஒன்றாய் உள்ள நாடாவை முதலில் எடுங்கள். திருமண நாளின் ஒலியோ, பாட்டனார் சொன்ன கதையோ, நம் பாடகர் குழு பழைய நாளில் பாடியதோ அதில் இருக்கலாம். ஓடவிடும் கருவி உங்களிடம் இல்லையாயின், பங்கு இல்லத்தில் திங்கட்கிழமைப் பிற்பகலில் ஒன்று இருக்கிறது.